மருந்துக்கடையா, முகாம் மருத்துவ நிலையமா?

2017 ஆகஸ்டுக்குப் பின் மியான்மரிலிருந்து வங்கதேசத்துக்கு ஓடிவந்த ரோஹிங்கியாக்கள் ஏழு லட்சத்துக்கும் மேல். காக்ஸ் பஜார் மாவட்டத்தின் குதுபாலோங் முகாமில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், பெற்றோர் முன் பெரும்பாலும் இரண்டு வழிகள்.

கடைத்தெரு மருந்துக்கடை பக்கத்திலேயே இருக்கும். வரிசை கிடையாது, கேட்டதும் மாத்திரை கிடைக்கும். மியான்மரில் இவர்கள் வாழ்ந்த ராக்கைன் மாநிலத்தில் அரசு மருத்துவமனைக்குப் போகவே தடைகள் இருந்ததால், ஊர் வைத்தியரையும் கடைக்காரரையும் நம்பிப் பழகியவர்கள் இவர்கள். அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் காசு போகும். உரிமமில்லாத கடைகளும் உண்டு. பரிசோதனை இல்லாமலே ஆன்டிபயாடிக் கொடுத்துவிடுவார்கள். டெங்கு காய்ச்சலுக்கு இபுப்ரோஃபென் என்ற வலிமாத்திரை கொடுத்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும்.

தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மருத்துவ நிலையம் இலவசம். மழைக்காலத்தில் சேற்றுமேடு ஏறிப் போய்க் காத்திருக்க வேண்டும், அன்றைய கூலி போச்சு. சரி, அப்படியும் ஏன் போக வேண்டும்? 2017 கடைசியில் முகாமில் டிப்தீரியா பரவியது. வெறும் தொண்டைவலி போலத் தொடங்கி மூச்சை அடைக்கும் நோய் அது. அதற்கான நச்சுமுறி மருந்தைக் கண்காணிப்போடுதான் ஏற்ற முடியும்; கடையில் நடக்காது. நிலைமை மோசமானால் பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டு கொடுத்து அனுப்புவதும் மருத்துவ நிலையம்தான். முகாமை விட்டு வெளியே போக அனுமதி தேவைப்படும் குடும்பத்துக்கு அந்தச் சீட்டு பெரிய விஷயம்.

சாதாரண வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பொட்டலம் வாங்கக் கடை போதும். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ நேரே மருத்துவ நிலையம்தான்.