பைத்தானின் கிரிப்டோகிராஃபி நூலகம்: ஐவி யார் பொறுப்பு?

நான் பராமரிப்புக்கு எடுத்துக்கொண்ட ஒரு பழைய நிரலில், வாடிக்கையாளர் பெயர்கள் அனைத்தும் ஏஇஎஸ் என்ற குறியாக்க வழிமுறையின் சிபிசி முறையில் (தொகுதி தொகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் முந்தையதன் விடையோடு கலந்து குறியாக்கும் முறை) குறியாக்கம் செய்யப்பட்டிருந்தன. ஆனால் ஐவி, அதாவது முதல் தொகுதியோடு கலக்கப்படும் தொடக்க மதிப்பு, மட்டும் பதினாறு பூஜ்ய பைட்டுகளாக, எல்லாப் பதிவுகளுக்கும் ஒன்றாகவே இருந்தது. யூடிஎஃப்-8இல் ‘திருமதி’ என்ற சொல் 21 பைட் பிடிக்கும். சிபிசியின் முதல் தொகுதியோ 16 பைட்தான். ஆகவே, ‘திருமதி’ என்று தொடங்கிய ஒவ்வொரு பதிவின் குறியாக்கமும் அதே 16 பைட்டுடன் தொடங்கியது. சாவியே இல்லாதவர்கூட தரவுத்தளத்தின் பெயர்ப் பத்தியை (நெடுவரிசையை) வரிசைப்படுத்திப் பார்த்தால், ஒரே மாதிரி தொடங்கும் பெயர்களைக் கூட்டங்கூட்டமாகப் பிரித்துவிடலாம்.

இதைத் திருத்தவே கிரிப்டோகிராஃபி நூலகத்தை எடுத்தேன். அதன் மேலடுக்கான ஃபெர்னெட் மிக நன்றாக அமைந்திருக்கிறது. உள்ளே ஓடுவது ஏஇஎஸ்-128 சிபிசியும், செய்தி மாற்றப்படவில்லை என்று சரிபார்க்கும் எச்மேக் எஸ்எச்ஏ-256உம்தான் என்றாலும், ஐவி என்ற சொல்லையே அது நம்மிடம் உச்சரிப்பதில்லை. ஒவ்வொரு முறையும் இயங்குதளத்தின் சீரற்ற எண் ஊற்றிலிருந்து புதிதாக 16 பைட் எடுத்து, டோக்கன் என்ற தன் விடைச் சரத்துக்குள்ளேயே வைத்துவிடுகிறது. ஐவி ரகசியமாக இருக்க வேண்டியதில்லை, முன்கூட்டி ஊகிக்க முடியாததாக இருந்தால் போதும் என்ற பாடத்தைச் செயலிலேயே காட்டுகிறது. ‘திருமதி’யை இருமுறை கொடுத்தேன்: தொடக்கத்தில் பதிப்பும் நேரமும் குறிக்கும் சில எழுத்துகளைத் தவிர, இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. குறை, பருமன். 21 பைட் சொல் 120 எழுத்தாக வீங்கியதில், எங்கள் தரவுத்தளப் பத்தியின் அகலத்தை மாற்ற வேண்டியதாயிற்று. குறியாக்கம் செய்த நேரம் டோக்கனில் வெளிப்படையாக இருப்பதும், முழுச் செய்தியும் நினைவகத்தில் அடங்க வேண்டியிருப்பதும் சிலருக்கு ஒத்துவராது.

இடத்தை மிச்சப்படுத்த ஏஇஎஸ்ஸை ஜிசிஎம் என்ற வேறொரு முறையில் இயக்கும் ஏஇஎஸ்ஜிசிஎம் வகுப்புக்குப் போனால் அதே சொல், நான்ஸ் (ஐவியைப் போன்ற, ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய மதிப்பு), சரிபார்ப்புக் குறி உட்பட 49 பைட்டில் முடிகிறது. ஆனால் என் மனத்தாங்கல் இங்கேதான். நான்ஸை நாமே உருவாக்கிக் கொடுக்க வேண்டும், நாமே சேமித்தும் வைக்க வேண்டும். வந்த விடையில் 16 பைட் சரிபார்ப்புக் குறி ஒட்டியிருக்கும், நான்ஸ் இருக்காது. குறிநீக்கம் செய்யும்போது அதை எங்கே தேடுவது என்று விழிக்கும் புதியவர், ஒரு மாறிலியை எழுதிவைத்து வேலையை முடித்துக்கொள்வார். சிபிசியில் அந்தத் தவறு முதல் தொகுதிகளின் ஒற்றுமையைத்தான் காட்டிக்கொடுக்கும். ஜிசிஎம்மிலோ ஒரே சாவியுடன் நான்ஸ் மீண்டும் வந்தால் இரு செய்திகளின் எக்ஸ்ஓஆர் (பிட்டுக்குப் பிட் உள்ள வேறுபாடு) வெளிப்படுவதோடு, போலிச் செய்திக்குச் சரியான குறி தயாரிக்கும் வழியும் எதிரிக்குத் திறந்துவிடும். ஆவணம் இதைப் பெரிய எழுத்தில் எச்சரிக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும், நான்ஸைத் தானே உருவாக்கி முன்னால் ஒட்டித் தரும் ஒரு எளிய செயற்கூறு இருந்திருந்தால் எச்சரிக்கைக்கே வேலை குறைந்திருக்கும்.

பழைய பைத்தான் நூலகமான பைகிரிப்டோவில் முறையைக் குறிப்பிடாவிட்டால், ஒரே தொகுதிக்கு எப்போதும் ஒரே விடை தரும் ஈசிபி முறை தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். இங்கே அந்த ஆபத்து இல்லை. ஈசிபி வேண்டுமானால் ‘ஹாஸ்மேட்’, அதாவது அபாயப் பொருட்கள், என்று பெயரிட்ட கீழடுக்குக்குள் இறங்கி, பெயர் சொல்லிக் கேட்டால்தான் கிடைக்கும்.

பெயர்ப் பத்திக்கு ஃபெர்னெட்டையே வைத்துக்கொண்டேன். அடிக்கடி எழுதப்படும் பதிவேட்டுக்கு மட்டும் ஜிசிஎம். அதில் 12 பைட் சீரற்ற நான்ஸை எடுத்து முன்னால் ஒட்டும் ஐந்து வரிச் செயற்கூறு ஒன்றை எழுதி, வேறு யாரும் அந்த வகுப்பை நேரடியாக அழைக்காதபடி பார்த்துக்கொள்கிறேன். சீரற்ற நான்ஸுக்கு ஒரு சாவியில் 2³² முறை, ஏறத்தாழ 429 கோடி, என்று அமெரிக்கத் தரநிலை அமைப்பான என்ஐஎஸ்டி வரம்பு வைத்திருப்பதால், சாவி மாற்றும் நாளையும் நாட்காட்டியில் குறித்திருக்கிறேன்.