‘ரேஸுக்கு ரெடி’ ஃபார்முலா கார்: குமரி மாவட்டத்தில் முன்பணம் கட்டப்போகிறவர்கள் கவனத்துக்கு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒற்றை இருக்கை ரேஸ் கார், டிரெய்லர், ஹெல்மெட், சூட், லைசென்ஸ், முதல் ரேஸுக்கு என்ட்ரி, எல்லாம் சேர்த்து நான்கரை லட்சம். போன் போட்டால் "வண்டி ரெடி தம்பி, ஹெல்மெட்டை மாட்டிட்டு ஏறி உக்காந்தா போதும்" என்கிறார்கள். நம்மூர்ப் பையன் ஒருவனுக்காக அவன் வீட்டில் வளைகுடாச் சம்பாத்தியத்தைப் போட்டு இதை வாங்கிவிட்டார்கள். டிராக்கில் ஒரு சுற்றுகூட ஓடவில்லை. ரேஸுக்கு முன் காரைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினி பரிசோதனையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகுதான் கார் எங்கள் பட்டறைக்கு வந்தது. முழுதாகப் பிரித்துப் பார்த்தோம். புகார் நடப்பதால் விற்றவர் பெயரை எழுதவில்லை. விளம்பரம் இன்னும் ஓடுகிறது என்பதால் பார்த்ததை எல்லாம் எழுதிவிடுகிறோம்.

இதில் பெரிய ஏமாற்று காரின் பிரிவில்தான் இருக்கிறது. ரேஸ் காருக்கு விலை என்பதே அது எந்தப் பிரிவில் ஓடலாம் என்பதைப் பொறுத்தது. நம் நாட்டில் புதியவர்கள் ஓட்டுகிற ஃபார்முலா எல்ஜிபி போன்றவை ஒரே வகை கார் பிரிவுகள். சேசிஸ் (காரின் எலும்புக்கூடு), இன்ஜின், கியர்பாக்ஸ், டயர் எல்லாம் விதிப்புத்தகத்தில் சொன்னபடியே இருக்க வேண்டும். வந்த காரை ‘எல்ஜிபி கார்’ என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். மேல் கவரைக் கழற்றினால் உள்ளே இருப்பது ஃபார்முலா மாருதி காலத்து சேசிஸ். மாருதி 800-இன் 796 சிசி இன்ஜினுக்காக கோவை ரேஸ் கார் வடிவமைப்பாளர் கரிவர்தன் 1980களின் பிற்பகுதியில் உருவாக்கிய வகை அது. எத்தனையோ பேருக்கு ரேஸ் கற்றுக்கொடுத்த கார், அதன் மேல் எங்களுக்குத் தனி மரியாதை உண்டு. ஆனால் அதில் 1.3 லிட்டர் மாருதி இன்ஜினை ஏற்றிவிட்டால் எல்ஜிபி 1300 பிரிவின் கார் ஆகிவிடாது. எந்தப் பிரிவிலும் சேராத காரை எந்த அமைப்பாளரும் ரேஸ் தொடங்கும் வரிசையான கிரிட்டில் நிற்க விட மாட்டார்.

ஆகவே விலை பேசும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். சேசிஸ் நம்பர் தகட்டின் தெளிவான படம், கடைசியாக ஓடிய ரேஸின் ஸ்க்ரூட்டினி தாள் அல்லது காரின் பதிவேடான லாக் புத்தகம், இன்ஜின் சீலின் படம். ஒரே வகை பிரிவுகளில் இன்ஜினை யாரும் தொடாமலிருக்க சீல் வைப்பார்கள். சீல் அறுந்திருந்தால் இன்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் மறுபடி சீல் வாங்கும்வரை அது தகுதியில்லாத இன்ஜின்தான். இந்த மூன்றோடு, இந்த சீசனுக்கான ரேஸ் விதிகளை அமைப்பாளரிடமே கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். விற்கிறவர் அனுப்பும் பிடிஎஃப் பழைய வருடத்துடையதாக இருக்கலாம்.

லைசென்ஸ் விஷயமும் அப்படித்தான். போட்டி லைசென்ஸ் இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ கொடுப்பது, ஓட்டுபவர் பெயரில், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. டாக்டர் சான்று வேண்டும், 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும், முதல்முறை ரேஸிங் லைசென்ஸுக்கு அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியின் சான்றும் கேட்பார்கள். இதைக் காரோடு சேர்த்து விற்க யாராலும் முடியாது. அந்தப் பையனுக்கு வந்தது வெறும் ‘மெம்பர்ஷிப் கார்டு’. விற்றவரே அச்சடித்தது.

இனி சேசிஸ். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் இதில் இருக்கிறது.

கார் பளபளவென்று புது பவுடர் கோட்டிங்கில் வந்தது. பழைய ஸ்டீல் பைப் சேசிஸில் புது பெயின்ட் பார்த்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். பைப்புகள் சந்திக்கிற வெல்டிங் மூட்டுகளிலும், சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் சஸ்பென்ஷன் கையான விஷ்போன் வந்து மாட்டும் பிராக்கெட்டுகளிலும்தான் விரிசல் விழும். பெயின்ட் அதை அப்படியே மூடிவிடும். நாங்கள் முன்பக்க இடது கீழ் பிராக்கெட்டைச் சுற்றிப் பெயின்ட்டைச் சுரண்டி, சாயம் அடித்து விரிசல் பார்க்கும் டிபி டெஸ்ட் செய்தோம். மூன்று ஸ்பிரே டப்பா போதும். முதலில் கிளீனர் அடித்துத் துடைத்து, சிவப்புச் சாயம் அடித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, சுத்தமான துணியால் துடைத்துவிட்டு வெள்ளை டெவலப்பரை மெல்லிசாக அடிக்க வேண்டும். கிளீனரை நேரடியாகச் சாயத்தின் மேல் அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிப் போய்விடும், துணியில் நனைத்துத்தான் துடைக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் வெள்ளையின் மேல் தலைமுடி கனத்தில் ஒரு சிவப்புக் கோடு எழும்பியது. வெல்டிங் ஓரமாகவே ஓடி பிராக்கெட்டின் பாதிச் சுற்றுவரை போயிருந்தது. வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது இது விட்டால் முன் சக்கரம் உள்நோக்கி மடங்கி ஓட்டுபவரின் கால் பக்கம் வரும்.

அடிப்பைப்புகளில் இன்னொன்று கண்டோம். உடைந்த பைப்பை வெட்டி, மேலே ஒரு பெரிய பைப்பைச் செருகி வெல்டிங் வைத்து, பட்டி போட்டுத் தேய்த்திருந்தார்கள். காந்தம் வைத்தால் பட்டி உள்ள இடத்தில் பிடி தளரும். சேசிஸ் கோணிவிட்டதா என்று பார்க்க டேப் போதும். முன் இடது பிராக்கெட்டிலிருந்து பின் வலது பிராக்கெட்டுக்கு ஒரு அளவு, முன் வலதிலிருந்து பின் இடதுக்கு இன்னொன்று. இரண்டும் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசப்பட்டால் அந்த வண்டி எங்கோ மோதியிருக்க வாய்ப்பு அதிகம். இதில் வித்தியாசம் 11 மில்லிமீட்டர்.

துரு வெளியே தெரியாது, பைப்புக்குள்ளிருந்து தின்னும். குளச்சல், மணவாளக்குறிச்சி போலக் கடலோரத்தில் ஷெட் வைத்திருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடல் காற்று படும் இடத்தில் வைத்தால் நல்ல சேசிஸும் கெட்டுப்போகும். வண்டியை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, சஸ்பென்ஷன் கம்பிகளின் முனை மூட்டுகளான ராட் எண்டுகளுக்கும் திறந்த போல்ட்டுகளுக்கும் எண்ணெய் ஸ்பிரே அடித்து மூடி வையுங்கள்.

இன்ஜினைப் பார்க்கப் போகும்போது அது ஆறியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போய்ச் சேரும் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், ஆறிய நிலையில் வரும் புகையும் தட்டும் சத்தமும் மறைந்துவிடும். ஆறிய இன்ஜின் ஸ்டார்ட் ஆவதைப் பார்த்த பிறகு சூடாக்கி கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பாருங்கள். எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு ஐந்தாறு சுற்று கிராங்க் செய்ய வேண்டும். சிலிண்டர்களுக்குள் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இந்த இன்ஜினில் மூன்று சிலிண்டர் 165-க்கு மேல், நாலாவது 120 பிஎஸ்ஐ. ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலை ஊற்றி மறுபடி பார்த்தோம், ஏறவில்லை. ஏறியிருந்தால் பிஸ்டன் ரிங். ஏறாததால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். ஹெட்டைக் கழற்றியதில் எக்ஸாஸ்ட் வால்வு கருகியிருந்தது.

கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்து வெயிலில் காட்டுங்கள். பித்தளை மினுமினுப்பு என்றால் சின்க்ரோ ரிங் தேய்மானம், அதைச் சமாளிக்கலாம். இரும்புச் சிம்பு கிடந்தால் கியர் பல் போய்விட்டது.

பெட்ரோல் டேங்கைப் பலரும் பார்ப்பதே இல்லை. ரேஸ் டேங்குக்குள் பெட்ரோல் அலம்பாமலிருக்க ஸ்பாஞ்ச் வைத்திருப்பார்கள். இப்போது பம்பில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. பழைய ஸ்பாஞ்ச் அதில் ஊறி உதிர்ந்து மாவாகி ஃபில்டரை அடைக்கும். நேர் ரோட்டில் முழு வேகத்தில் இன்ஜின் திணறும், நிறுத்தினால் சரியாகிவிடும், மெக்கானிக் இக்னிஷனைத் தேடிக்கொண்டிருப்பார். மூடியைத் திறந்து ஸ்பாஞ்சைக் கிள்ளிப் பாருங்கள். விரலோடு வந்தால் மாற்ற வேண்டும். ரப்பர் பை வகை எஃப்டி3 டேங்க் என்றால் அதற்கு ஐந்து வருட ஆயுள்தான், தேதி அதன் மேலேயே இருக்கும்.

சீட் பெல்ட்டுக்கும் லேபிளில் காலாவதி வருடம் உண்டு. வந்த காரில் லேபிளையே வெட்டி எடுத்திருந்தார்கள். லேபிள் இல்லாத பெல்ட் ஸ்க்ரூட்டினியில் செல்லாது. ஹெல்மெட்டாகக் கொடுத்தது பைக் ஹெல்மெட். கார் ரேஸுக்கு உள்துணி தீப்பிடிக்காத ஸ்நெல் எஸ்ஏ2020, உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏவின் 8859-2015 போன்ற முத்திரை வேண்டும், பக்கத்தில் கழுத்துக் காப்பான ஹான்ஸ் மாட்டும் கொளுவி இருக்க வேண்டும். சூட்டின் கழுத்துப் பின்புறம் 8856 என்று தொடங்கும் எஃப்ஐஏ எண் தைத்திருக்கும். ஹெல்மெட்டையும் பெல்ட்டையும் பழையதாக வாங்கவே வாங்காதீர்கள். பட்ஜெட் எவ்வளவு இறுக்கமானாலும் இந்த இரண்டும் புதிதுதான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருந்தால் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். பார்வைக்குப் பழுதில்லாமல் தெரிந்தாலும் பழைய ரப்பர் கல்லாகி இருக்கும்.

ஆவணம் பற்றி ஒன்று. இந்த கார்களுக்கு ஆர்சி கிடையாது, டிஎன் 74, 75 நம்பர் எதுவும் வராது. உரிமைக்குச் சான்று பில்லும் சேசிஸ் நம்பரும் மட்டும்தான். பில் இல்லாமல் ஜிபேயில் பணம் போடாதீர்கள். "ஆரல்வாய்மொழி நாலு வழிச்சாலையில அதிகாலையில ஒரு டிரையல் பார்த்துக்கலாம்" என்று கூப்பிட்டால் போகாதீர்கள். பொதுச் சாலையில் வேகப் பரீட்சை மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின் கீழ் குற்றம், முதல் தடவைக்கே மூன்று மாதம் சிறைவரை. சாதாரண கார் இன்சூரன்ஸும் ரேஸுக்குச் செல்லாது.

சரி, நான்கரை லட்சத்தை வைத்து உண்மையில் என்ன செய்யலாம்? கார் வாங்கவே வேண்டாம். முதலில் வாடகை கோ-கார்ட்டில் ஓட்டிப் பழகுங்கள். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் இருங்காட்டுக்கோட்டை மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்டிலும் ரேஸ் நாட்களில் மார்ஷலாக நிற்க ஆள் எடுப்பார்கள். ஒரு வார இறுதி கொடி பிடித்து நின்றால் எந்த டீமின் வண்டிகள் பராமரிப்பில் இருக்கின்றன, எது சுற்றுக்குச் சுற்று உடைகிறது என்று கண்ணால் பார்க்கலாம். அதன்பின் பயிற்சிப் பள்ளி, பிறகு புதியவர் பிரிவில் டீமிடம் வாடகை கார். நாகர்கோவிலிலிருந்து கோவைக்கே நானூறு கிலோமீட்டருக்கு மேல். சொந்த வண்டியை லாரியில் ஏற்றி, மெக்கானிக்கையும் கூட்டிப் போய் வரும் செலவில் டிராக்கில் பயிற்சி ஓட்டும் நல்ல டெஸ்ட் நாள் ஒன்று வாங்கிவிடலாம்.

வாடகையிலும் ஏமாற்று உண்டு, அது ‘டேமேஜ்’ என்ற பெயரில் வரும். பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: எத்தனை டெஸ்ட் செஷன், எத்தனை டயர், பெட்ரோலும் மெக்கானிக்கும் என்ட்ரியும் சேர்த்தா இல்லையா, இன்ஜின் தானாகப் போனால் யார் பொறுப்பு, மோதினால் அதிகபட்சம் எவ்வளவு. மூக்குக் கவர், முன் விங், விஷ்போன், புஷ் ராட், ரிம் ஒவ்வொன்றின் விலையும் பட்டியலாக வேண்டும். ஏறும் முன் காரை நான்கு பக்கமும் அடியிலும் வீடியோ எடுத்து, சக்கரத்தை மேலும் கீழும், பிறகு இடதும் வலதும் பிடித்து ஆட்டிப் பார்த்து, ஆட்டம் இருந்தால் அதையும் வீடியோவில் பேசிப் பதிவு செய்யுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டி மாட்டிக்கொண்டவர்களுக்கு. நீங்களாகவே காரைப் பிரிக்காதீர்கள், எதையும் மாற்றாதீர்கள். விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, பணம் போன ரசீது எல்லாவற்றையும் சேமித்து, திருப்பி அனுப்பிய ஸ்க்ரூட்டினி தாளின் நகலோடு பதிவுத்தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். விற்றவர் இதைத் தொழிலாகச் செய்பவர் என்றால் நுகர்வோர் புகார் செல்லும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே, அதாவது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், கோவைக்கோ சென்னைக்கோ அலைய வேண்டாம். கெடு இரண்டு வருடம், கொடுத்த விலை ஐந்து லட்சம்வரை என்றால் கட்டணம் இல்லை, உதவி எண் 1915. தன் சொந்தக் காரை ஒரே ஒருமுறை விற்ற தனி ஆள் என்றால் அந்த வழி திறக்காது. பொய் சொல்லிப் பணம் வாங்கினார் என்று போலீஸில் புகார் கொடுத்து, சிவில் வழக்குக்கு வக்கீலைப் பாருங்கள். எங்களிடம் வந்த காரை நிபுணர் ஒருவர் முன்னிலையில், ஒவ்வொரு போல்ட்டையும் படம் எடுத்தபடிதான் பிரித்தோம். பிரிக்க வேண்டி வந்தால் நீங்களும் அப்படித்தான் பிரிக்க வேண்டும், இல்லையென்றால் "நல்லாத்தான் இருந்துச்சு, நீங்கதான் கெடுத்தீங்க" என்று சொல்லிவிடுவார்கள்.