“பார்த்தேனே!” – ஸ்டேட்டஸோடு எட்டு ஆண்டுகள்

கைப்பேசியின் திரை உடைந்து, பழுது பார்க்கும் கடையில் 9 நாள் கிடந்தது. திரும்பி வந்த பிறகும் நான் ஸ்டேட்டஸ் எதுவும் போடவில்லை. “ஏன், யார் மேலாவது கோபமா?” என்று தோழி கேட்டாள். அன்று அவளுக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இது அவளுக்காகத்தான்.

2017 பிப்ரவரியில் வாட்ஸ்அப்பில் இந்த வசதி வந்த நாளிலிருந்தே போட்டு வந்தவள் நான். எப்படிப் போடுவது, 24 மணி நேரத்தில் எப்படி மறைகிறது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். என் மனத்தாங்கல் ஒரே ஒரு சொல்லின் மேல். “பார்த்தேனே.”

போன ஆண்டு மே மாதம் குடும்பத்தோடு தனுஷ்கோடிக்குப் போனோம். இடிந்த தேவாலயத்துக்குப் பக்கத்தில் சங்கு விற்றுக்கொண்டிருந்த பாட்டி ஒருவர், 1964 டிசம்பர் புயல் இரவில் தன் அம்மா தன்னைச் சேலையால் இடுப்போடு கட்டிக்கொண்டு மணல் மேட்டுக்கு ஓடியதைச் சொன்னார். என் மகள் அசையாமல் நின்று கேட்டாள். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகச் சித்தியைக் கூப்பிட்டேன். “தனுஷ்கோடி போயிருந்தோம் சித்தி” என்று ஆரம்பித்தேன். “பார்த்தேனே, அந்த நீலச் சேலை உனக்கு எடுப்பாக இருந்தது” என்றார். பேச்சு அங்கிருந்து சிலிண்டர் விலைக்குப் போய்விட்டது. நான் போட்ட ஏழு படங்களில் அந்தப் பாட்டி இல்லை. சொல்ல வைத்திருந்த கதை தொண்டையிலேயே நின்றது.

இப்படி எத்தனை! மகள் சைக்கிள் பழகியது, வீடு மாறியது, அம்மாவுக்குக் கண் அறுவை நடந்தது, எல்லாவற்றுக்கும் “பார்த்தேனே”. பார்த்தவர்கள் 143 பேர். அம்மாவுக்குப் பார்வை எப்படி இருக்கிறது என்று கேட்டவர்கள் மூன்று பேர்.

எங்கள் தூத்துக்குடிப் பக்கம் சாவு வீட்டுக்குப் போவதைத் துஷ்டி கேட்பது என்போம். ‘பார்ப்பது’ என்று சொல்வதில்லை, ‘கேட்பது’தான். எப்படி நடந்தது என்று கேட்க வேண்டும். வீட்டுக்காரர்கள் பத்தாவது முறையாக அழுதுகொண்டே சொல்ல வேண்டும். சொல்லச் சொல்லத்தான் பாரம் குறையும். பெரியப்பா இறந்த செய்தியை நான் ஒருவருடைய கோயில் படத்துக்கும் இன்னொருவருடைய பிறந்தநாள் கேக்குக்கும் நடுவே கண்டேன். விரல் பட்டு அடுத்த படம் வந்துவிட்டது. அந்த நொடியை இன்னும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

குற்றம் செயலியுடையது அல்ல. 2009இல் ஜான் கூம் இதைத் தொடங்கியபோது அவர் எண்ணியதே, தொலைபேசிப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு நிலைக்குறிப்பு இருக்க வேண்டும் என்பதுதான். பேசிக்கொண்டிருக்கிறாரா, பேட்டரி குறைவா என்று தெரிந்தால் எப்போது கூப்பிடலாம் என்று புரியும். கூப்பிடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய குறிப்பு அது. நாம்தான் கூப்பிடுவதற்குப் பதிலாக அதை வைத்துக்கொண்டோம்.

யார் பார்த்தார்கள் என்ற பட்டியல் என்னை அரித்தது. இரவில் விளக்கை அணைத்த பிறகும் திறந்து, யார் பெயர் இல்லை என்று தேடுவேன். நீல டிக் வசதியை நிறுத்தி வைத்தேன். அப்படிச் செய்தால் பட்டியல் வராது; நான் பார்த்ததும் மற்றவர்களின் பட்டியலில் தெரியாது. அதற்கும் மனக்கசப்பு வந்தது. “என் மகன் பிறந்தநாள் படத்தை நீ பார்க்கவே இல்லையே” என்று அண்ணி முகம் வாடினார்.

ஆனால் அதே பட்டியலுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அதையும் மறைக்கக் கூடாது. 2023 டிசம்பர் பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்போது எங்கள் வீட்டின் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். மின்சாரம் இல்லை. மூன்றாம் நாள் சிக்னல் எட்டிப் பார்த்தபோது கைப்பேசியில் 11 சதவீதம்தான் இருந்தது. “எல்லாரும் மாடியில் நலம்” என்று ஒரே வரி போட்டேன். ஏரலில் இருக்கும் அத்தை மகனை எத்தனை முறை கூப்பிட்டும் கிடைக்கவில்லை. மாலையில் பார்த்தவர்கள் பட்டியலில் அவன் பெயர் வந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. அந்த ஒரு பெயரைக் காட்டியதற்காக இந்த வசதியை ஆயுள் முழுக்க வாழ்த்தலாம்.

இருந்தும் இனிப் போடுவதாக இல்லை. மற்றவர்கள் போடுவதைப் பார்ப்பேன். பார்த்த கையோடு கூப்பிட்டுக் கேட்பேன். மழைக்காலத்துக்கு மட்டும் விலக்கு.

கைப்பேசி கடையில் கிடந்த ஆறாம் நாள், என் பழைய பட்டன் போனுக்குச் சித்தி கூப்பிட்டார். “ஒன்றையும் காணோமே, உடம்புக்கு முடியவில்லையா அம்மா?” நாற்பது நிமிடம் பேசினோம். ஓராண்டு கழித்து, தனுஷ்கோடிப் பாட்டியின் கதையை முழுவதும் சொன்னேன். சித்தி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவருடைய அப்பா என்ன ஆனார்?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. பாட்டி சொல்லி முடித்ததும் நான் படம் எடுக்கக் கடல் பக்கம் போய்விட்டேன்.