14,500 கொடுத்து என் வீட்டு சர்வரை நானே அழித்த கதை

இன்னும் கோபம் தணியவில்லை, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சொந்தமாக மீடியா சர்வர் (நம் படங்களையும் தொடர்களையும் சேர்த்து வைத்து டிவியிலும் போனிலும் காட்டும் கணினி) வைத்திருப்பவர்கள், அதிலும் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாறலாமா என்று யோசிப்பவர்கள், இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். மாற்றித் தருகிறேன் என்று வந்த ஆளிடம் 14,500 கொடுத்தேன். பணம் போனது. யார் எதைப் பார்த்தோம் என்று ஒன்பது வருடமாகச் சேர்ந்த கணக்கும் போனது. எதெல்லாம் செய்யக் கூடாது என்று கடைசியில் பத்துக் குறிப்பாவது தருகிறேன்.

ஒன்பது வருடமாக என் வீட்டில் ஓடிய மீடியா சர்வர் மென்பொருள் ப்ளெக்ஸ். 2025 ஏப்ரல் 29 முதல், வீட்டுக்கு வெளியே இருந்துகொண்டு நம் சொந்த ஃபைலைப் பார்ப்பதற்கும் அதில் கட்டணம் என்று ஆனது. அவர்கள் மென்பொருள், அவர்கள் முடிவு. இந்தப் பதிவு அவர்களைப் பற்றியது இல்லை. அதே வேலையைச் செய்யும் ஜெல்லிஃபின் இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது, ஹார்டுவேர் ட்ரான்ஸ்கோடிங்குக்கும் (பார்க்கிற கருவிக்கு ஏற்றபடி வீடியோவைக் கிராஃபிக்ஸ் சிப்பை வைத்து மாற்றித் தருவது) காசு கேட்பதில்லை. சரி, மாறிவிடலாம் என்று கிளம்பினேன்.

படங்களை மாற்றுவது ஒரு வேலையே இல்லை. அதே ஃபோல்டரைப் புதிய சர்வருக்குக் காட்டினால் போதும், போஸ்டர், கதைச்சுருக்கம் எல்லாம் அதுவே இறக்கிக்கொள்ளும். யார் எதை எதுவரை பார்த்தார்கள் என்ற கணக்குதான் தலைவலி. வீட்டில் ஐந்து பேர், ஆளுக்கொரு லாகின். அம்மா ஒரு நெடுந்தொடரில் 312-வது எபிசோடில் இருந்தார். இந்த விவரமெல்லாம் பழைய சர்வரின் டேட்டாபேஸுக்குள் இருக்கிறது. புதியதற்கு அதை நேராகப் படிக்கத் தெரியாது. இதற்கென்றே ஆர்வலர்கள் பைத்தான் மொழியில் எழுதிய இலவச ஸ்கிரிப்ட்கள் (சின்ன நிரல்கள்) உண்டு. இரண்டு ராத்திரி முயன்றேன். பைத்தான் கக்கிய பிழைச்செய்திகளைப் பார்த்து மிரண்டு மூடி வைத்தேன். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு நான் கொடுத்த விலைதான் 14,500.

சின்னச் சின்னக் கணினி வேலைகளுக்கு ஆள் பிடித்துத் தரும் தளம் ஒன்று. பெயர் வேண்டாம். வேலை முடிந்தது என்று நாம் அழுத்தும்வரை பணம் தளத்தின் கையிலேயே இருக்கும் என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். அங்கே ஒருவர், 'மீடியா சர்வர் இடமாற்ற நிபுணர்'. நட்சத்திரம் 4.9. கேள்வி கேட்டால் அஞ்சு நிமிஷத்தில் பதில். பார்த்த கணக்கு, பாதியில் நிறுத்திய இடம், தொகுப்புகள் எல்லாம் அப்படியே வரும் என்றார். "எப்படி?" என்றதற்கு, "எம்பி சர்வருக்கு என்கிட்ட ஒரு டூல் இருக்கு சார், எம்பியும் ஜெல்லிஃபினும் ஒண்ணுதான்" என்றார். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எம்பி (Emby) என்பது இன்னொரு மீடியா சர்வர் மென்பொருள்; அது தன் நிரலை மூடிக்கொண்டதால் 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து வந்ததுதான் ஜெல்லிஃபின். ஒரே வேர், உண்மைதான். ஆனால் அதற்கப்புறம் இரண்டும் தனித்தனி வழியில் போய்விட்டன. அதுவும் போக, என்னிடம் இருந்தது எம்பியே இல்லையே!

நான் விழுந்த இடத்தைச் சொல்கிறேன். முதல் நாள் 200 படங்களை மட்டும் மாதிரிக்கு மாற்றிக் காட்டுகிறேன் என்றார். "சரிபார்க்கறதுக்கு ஒரு லிஸ்ட் குடுங்க சார், எதெல்லாம் பார்த்தது, எதெல்லாம் பார்க்காததுன்னு." மெனக்கெட்டு உட்கார்ந்து அடித்துக் கொடுத்தேன். மறுநாள் திறந்து பார்த்தால் பார்த்த படத்தில் டிக் இருக்கிறது, பார்க்காததில் இல்லை. பத்துப் பதினைந்து படத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்த லிஸ்டை வைத்துக் கையால் டிக் போட ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை போதும் என்று அப்போது தோன்றவே இல்லை. நம்பிவிட்டேன்.

அந்தச் சூட்டிலேயே அடுத்தது வந்தது. "ரெண்டு சர்வர் ஒரே மெஷின்ல இருந்தா போர்ட் இடிக்கும் சார், ஸ்கேன் குழம்பிடும். பழசை அன்இன்ஸ்டால் பண்ணி, டேட்டா ஃபோல்டரையும் எடுத்துடுங்க. தேவையானதை நான் காப்பி எடுத்துட்டேன்."

காப்பி எடுத்துட்டேன். இந்த ஒரு சொல்லுக்காக ஒன்பது வருட ஃபோல்டரை என் கையாலேயே அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன், அவ்வளவு சமர்த்து.

போர்ட் (ஒரு மெஷினில் ஒவ்வொரு மென்பொருளும் நெட்வொர்க்கில் பேசப் பயன்படுத்தும் வாசல் எண்) இடிக்காது. ப்ளெக்ஸ் வழக்கமாக 32400-இல் ஓடும், ஜெல்லிஃபின் 8096-இல். இரண்டும் ஒரே மெஷினில், ஒரே ஃபோல்டரைப் படித்துக்கொண்டு வருடக்கணக்கில் சண்டையில்லாமல் இருக்கும். இன்னொரு வயிற்றெரிச்சல்: பழைய சர்வர் மூன்று நாளுக்கொரு முறை தன் டேட்டாபேஸைத் தானே பேக்கப் எடுத்து வைக்கும். எங்கே? நாம் மாற்றிச் சொல்லாவிட்டால் அதே ஃபோல்டருக்குள்ளேயே. அதுவும் சேர்ந்து போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து "எல்லாம் முடிஞ்சுது, பேமென்ட் ரிலீஸ் பண்ணிடுங்க" என்று வந்தது. திறந்தேன், எங்கு பார்த்தாலும் டிக். அழுத்தினேன். 14,500 போய்ச் சேர்ந்தது.

அன்று சாயங்காலம் அம்மா கூப்பிட்டார். "என்னடா இது, கடைசி எபிசோடு வரைக்கும் நான் பார்த்துட்டேன்னு காட்டுது?" போய்ப் பார்த்தால் அந்தத் தொடர் முழுக்க டிக். வேறு தொடரைத் திறந்தேன், அதுவும் முழுக்க டிக். ஐந்து பேர் கணக்கிலும் இருக்கிற எல்லாமே பார்த்தாகிவிட்டது! ஜெல்லிஃபினில் தொடரின் பக்கத்தில் ஒரு டிக்கை அழுத்தினால் உள்ளே உள்ள எல்லா எபிசோடுக்கும் டிக் விழுந்துவிடும். அதைத்தான் செய்திருக்கிறான். (இதுவரை 'அவர்' என்று எழுதினேன், இனி முடியாது.) கடைசியாகப் பார்த்த நேரங்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது வருடத்தில் பார்த்த அத்தனையும் ஒரே ராத்திரியில், நாற்பது நிமிடத்துக்குள் பார்த்ததாகப் பதிவாகியிருக்கிறது.

அவனிடம் கேட்டேன். "பிரவுசர் கேஷ் (cache) பிரச்சினை சார், அதை கிளியர் பண்ணுங்க." செய்தேன். "ஸ்கேன் முடிய ஒரு நாள் ஆகும், வெயிட் பண்ணுங்க." இருந்தேன். சரி, எடுத்த காப்பியையாவது கொடு என்றேன். "அது டெம்ப் ஃபைல் சார், வேலை முடிஞ்சதும் டெலீட் ஆகிடும்." அதோடு பேச்சு நின்றது.

தளத்துக்கு எழுதினேன். முதலில் ஒரு பாட், நான் எதைச் சொன்னாலும் "உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்ததா?" என்றது. அப்புறம் ஒரு மனிதர்: வேலை முடிந்ததாக நீங்களே உறுதி செய்திருக்கிறீர்கள், எனவே 14,500 திருப்பித் தர வழியில்லை. ஸ்கிரீன்ஷாட்டுகளோடு மறுபடி எழுதினேன். வேறொருவர் வந்து முதலிலிருந்து கதை கேட்டார். அதே ஸ்கிரீன்ஷாட்டுகளை மறுபடி கேட்டார். நாலாவது பதில்: இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளவும். எந்தத் தரப்போடு ஐயா பேசுவது? ஒவ்வொரு பதிலிலும் "உங்கள் ஏமாற்றம் எங்களுக்குப் புரிகிறது" மட்டும் தவறாமல் இருந்தது. 14,500 அவர்களுக்குச் சில்லறை போல.

இப்போது அந்த இலவச ஸ்கிரிப்ட்களின் விளக்கத்தை உட்கார்ந்து படிக்கிறேன். படிக்கப் படிக்க எரிகிறது. பழைய சர்வர் உயிரோடு இருந்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஐஎம்டிபி, டிஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளங்களில் ஒவ்வொரு படத்துக்கும் உள்ள எண்ணை வைத்து இரண்டு பக்கமும் பொருத்திப் பார்த்து டிக்கை நகர்த்துகிறது, அவ்வளவுதான்.

சரி, குறிப்புகள். பழையதை அழிக்காதீர்கள். புதியதில் எல்லாரும் ஒரு மாதமாவது பார்த்துப் பழகும்வரை இரண்டும் ஓடட்டும். டேட்டாபேஸை வேறொரு டிஸ்கில் நீங்களே காப்பி எடுங்கள், எடுத்துவிட்டேன் என்று எவன் சொன்னாலும் சரி. ஆள் வைத்தே ஆக வேண்டும் என்றால் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: பாதியில் நிறுத்திய இடத்தை எப்படி மாற்றுவாய்? ப்ளெக்ஸ் அதை மில்லி செகண்டில் வைக்கிறது, ஜெல்லிஃபின் 'டிக்ஸ்' என்ற அலகில் வைக்கிறது, ஒரு மில்லி செகண்டுக்கு 10,000 டிக்ஸ். பெருக்காமல் அப்படியே போட்டால் முக்கால் மணி நேரம் கால் செகண்டு ஆகிவிடும். இது தெரியாதவன் நிபுணன் இல்லை. அப்புறம், மாதிரி காட்டுகிறேன் என்று லிஸ்ட் கேட்டால் கொடுக்காதீர்கள். அவனே எடுத்துக் காட்டட்டும்.

பத்து என்று சொன்னேன். ஆனால் இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது, அவனுக்குக் கொடுத்த அட்மின் கணக்கும் ரிமோட் ஆக்சஸும் இன்னும் அப்படியே இருக்கின்றன. ஐந்து பேர் பாஸ்வேர்டும் அவனிடம் இருக்கிறது. முதலில் அதை மாற்றிவிட்டு வருகிறேன்.