சார்ஜ் ஏறலைன்னு கொடுத்த லேப்டாப்: 8,500 ரூபாயும் போச்சு, டேட்டாவும் போச்சு

கொதிப்பு இன்னும் அடங்கவில்லை. கோர்வையாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் லேப்டாப் நேற்று மாலை சர்வீஸிலிருந்து திரும்பியது. திறந்தால் 'அட்மின்' என்ற பெயரில் புதிதாகப் போட்ட விண்டோஸ். பழையது எதுவும் இல்லை. அவள் கணக்கு எழுதிக்கொடுக்கும் கடைகளின் டேலி டேட்டா மொத்தமும் போய்விட்டது. மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பான ஒன்டிரைவ் டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸையும் மட்டும்தான் எடுத்து வைத்திருக்கிறது; டேலி ஃபோல்டர் அதற்கு வெளியே இருந்தது. இந்த வேலைக்கு வாங்கியது 8,500 ரூபாய்.

கடை பெயர் போடவில்லை. எல்லா பிராண்டும் பார்க்கிற, கண்ணாடிக் கதவு போட்ட சர்வீஸ் சென்டர், அவ்வளவுதான்.

சார்ஜ் ஏறவில்லை என்றுதான் கொடுத்தது. "டேட்டாவுக்கு நான் பொறுப்பு மேடம், ஒரு ஃபைல்கூடப் போகாது" என்று கவுண்டரில் இருந்தவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சை நம்பித்தான் அக்கா கையெழுத்துப் போட்டாள், லாகின் பின் நம்பரையும் ஜாப் ஷீட்டில் எழுதிக் கொடுத்தாள். சார்ஜிங் ஜாக் மாற்றப் பின் நம்பர் எதற்கு? சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க விண்டோஸுக்குள் போகவே வேண்டாம்.

மறுநாள் போன். "ஹார்டு டிஸ்க் லாக் ஆயிடுச்சு மேடம். அன்லாக் பண்ற சாஃப்ட்வேர் எங்ககிட்ட இருக்கு, 8,500 ஆகும், முன்னாடியே போட்டுடுங்க." ஜிபேயில் 8,500 போய்விட்டது. எனக்குச் சொன்னது அதற்குப் பிறகு.

டிஸ்க் தானாக லாக் ஆகவில்லை. ஜாப் ஷீட்டிலேயே 'பயாஸ் அப்டேட்' என்று எழுதியிருக்கிறார்கள். பயாஸ் என்பது லேப்டாப் ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும், போர்டிலேயே இருக்கும் புரோகிராம். புது லேப்டாப்களில் பெரும்பாலும், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸ் 11-க்குள் நுழைந்தால் ஹோம் எடிஷனிலும் டிவைஸ் என்க்ரிப்ஷன் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்க்கைப் பூட்டுவது) கேட்காமலே ஆன் ஆகிவிடும். டிஸ்க்கைத் திறக்கும் சாவியை டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் காத்துவைக்கிறது. பயாஸில் கைவைத்தாலோ, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு செட்டிங்கை மாற்றினாலோ, போர்டு மாற்றினாலோ டிபிஎம் சாவியைத் தராமல் போகலாம். ஏஎம்டி மெஷினில் பயாஸ் வேலைக்குப் பிறகு எஃப்டிபிஎம்மை (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் டிபிஎம்) ரீசெட் செய்யவா, Y-யா N-ஆ என்று ஒரு திரை கேட்பதுண்டு. பிட்லாக்கர் (விண்டோஸின் இந்த டிஸ்க் பூட்டுக்குப் பெயர்) இருந்தால் ரிகவரி கீ இல்லாமல் ரீசெட் செய்யாதே என்று அதே திரையில் எழுதியிருக்கும். படிக்காமல் Y அழுத்தினால் எழுதி வாங்கிய பின் நம்பரும் செத்துவிடும், ஏனென்றால் அதுவும் டிபிஎம்மோடு கட்டியதுதான்.

அதன் பிறகு நீலத் திரை 48 இலக்க ரிகவரி கீ கேட்கும். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி. ஒவ்வொன்றும் 11-ஆல் வகுபடும், வகுத்தால் கிடைப்பது 16 பிட். எட்டும் சேர்ந்து 128 பிட். இதை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து உடைக்கிற சாஃப்ட்வேர் எந்தக் கடையிலும் கிடையாது. இல்லாத பொருளுக்கு வாங்கினார்கள் 8,500.

வயிறு எரிவது இதற்குத்தான்: கீ அக்காவின் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருந்தது. டிவைசஸ் பகுதியில், லேப்டாப் பெயருக்குக் கீழே. நீலத் திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்தை ஒப்பிட்டு 48 இலக்கத்தையும் அடித்திருந்தால் காசில்லாமல் திறந்திருக்கும். "உங்க கணக்குல பாருங்க மேடம்" என்று ஒரு வரி சொல்லவில்லை. கீ இப்போது என் கையில் இருக்கிறது, பயனில்லை. பூட்டைத் திறக்கத் தேவையான தகவலை பிட்லாக்கர் டிஸ்க்கில் மூன்று பிரதியாக வைத்திருக்கும். பார்ட்டிஷனை அழித்து ஃபார்மட் செய்தால், எஸ்எஸ்டி டிரிம்மில் (அழித்த இடத்தை எஸ்எஸ்டி தானே காலி செய்வது) அதுவும் துடைக்கப்பட்டுவிடும். பிறகு கீ எதைத் திறக்கும்?

கேட்டால் முதலில் "இன்ஜினியர் லீவு". அப்புறம் "சாஃப்ட்வேர் ஓடிட்டு இருக்கு". கடைசியில் "டிஸ்க்கே கம்ப்ளெய்ண்ட், அதான் ஃபார்மட் போட்டோம்". டிஸ்க்கின் ஆரோக்கியத்தைச் சொல்லும் ஸ்மார்ட் ரிப்போர்ட் எடுத்தேன், மீடியா எரர் பூஜ்ஜியம். அதைக் காட்டியதும் பில்லைத் திருப்பி, டேட்டாவுக்குப் பொறுப்பில்லை என்ற பொடி எழுத்தைக் காட்டினார்கள். 8,500-ஐத் திருப்பித் தர முடியாதாம், "சர்வீஸ் சார்ஜ்" ஆம்.

எப்படிப் பாதுகாப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. இதை மட்டும் இன்றே செய்யுங்கள். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் டிவைஸ் என்க்ரிப்ஷன் ஆன் என்றிருக்கிறதா பாருங்கள். இருந்தால் ரிகவரி கீயைப் பேப்பரில் எழுதி லேப்டாப் பையில் இல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள். பவர், ஜாக், டிஸ்ப்ளே ரிப்பேர் என்றால் எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துக்கொண்டு மெஷினை மட்டும் கொடுங்கள், எம்.2 (சின்னப் பட்டை வடிவ எஸ்எஸ்டி) என்றால் பின்மூடியைத் திறந்தபின் பெரும்பாலும் ஒரே ஸ்குரூதான். பின் நம்பர் கொடுக்காதீர்கள். "என்னைக் கேட்காமல் ஃபார்மட் கூடாது, பயாஸில் கைவைக்கக் கூடாது" என்று ஜாப் ஷீட்டில் உங்கள் கையால் எழுதி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நாங்கள் பில்லோடும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டோடும் அங்கே கொடுத்துவிட்டோம்.