ஊறப்போட்ட ஜின்னா, ஆவி புடிச்ச ஜின்னா?

ஜின்னுன்னா வாசனை போட்ட வோட்கா, அவ்ளோதானேன்னு கேட்டா பாதி உண்மைதான், கோச்சுக்க ஒண்ணுமில்ல. ரெண்டுக்கும் அடிப்படை பெரும்பாலும் தானியத்துலேர்ந்து வடிச்ச, ருசின்னு எதுவும் இல்லாத ஸ்பிரிட்தான். அதுல ஜூனிபர் வாசனை தூக்கலா ஏறுச்சுன்னாதான் ஜின். ஜூனிபர் பெர்ரின்னு சொல்றாங்களே, அது பழமே இல்ல, பைன் மரத்துல வர்ற கூம்போட சொந்தக்காரன், சதைப்பத்தா இருக்கறதால நாம ஏமாந்துடறோம். சரி, ஜின் குடிக்கறவங்க போடுற சண்டையெல்லாம் அந்த வாசனைய எப்படி ஏத்துறோம், எப்ப ஏத்துறோம்ங்கறதுலதான்.

மொதல்ல ஊறப்போடுற பிராண்டு, பீஃபீட்டர். லண்டன் கென்னிங்டன்ல தயாராகுது. ஜூனிபர், மல்லி விதை, எலுமிச்சை தோல், கசப்பு ஆரஞ்சு தோல், அதிமதுரம், பாதாம்னு ஒம்பது சாமான ஸ்பிரிட்டுல போட்டு 24 மணி நேரம் ஊற வெச்சுட்டு அப்புறம்தான் வாலைய, அதாவது வடிக்கிற பாத்திரத்த, சூடு பண்றாங்க. (ஊறல்னதும் நமக்கு போலீஸ் கொட்டி அழிக்கிற போட்டோதான் ஞாபகம் வரும், இது அந்த ஊறல் இல்ல, புளிக்க வைக்கிற வேலையெல்லாம் ஸ்பிரிட் வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சுது.) வடியும்போது முதல்ல வர்றதையும் கடைசில வர்றதையும் ஒதுக்கிட்டு நடுவுல வர்றத மட்டும் புடிச்சு, தண்ணி சேர்த்து இறக்குறாங்க. எண்ணெய்ச்சத்து நல்லா எறங்கி இருக்கறதால ஜூனிபர் முன்னாடி வந்து நிக்கும், கூடவே ஆரஞ்சு தோல் வாசனை.

பாம்பே சஃபயர் வேற ரூட்டு. 1987ல வந்த பாட்டில். இதுல சாமான் ஸ்பிரிட்டுல முங்கவே முங்காது, அதுக்கு மேல, ஓட்டை போட்ட செப்புக் கூடைக்குள்ள இருக்கும், கீழேர்ந்து கிளம்புற ஆவி அது வழியா போகும்போது வாசனைய தூக்கிட்டுப் போகும். இட்லிப் பானைய நினைச்சுக்கோங்க, ஆனா நமக்கு இட்லி வேணாம், இட்லிய தொட்டுட்டு வர்ற ஆவிதான் வேணும். பத்து சாமான்ல மல்லி, அதிமதுரம், வால்மிளகு எல்லாம் இருக்கு, பாதி லிஸ்ட்ட நாட்டு மருந்துக்கடையிலயே வாங்கிடலாம் போல. ஊற வைக்காததால கனமான எண்ணெய் கம்மியா வரும், ருசி லைட்டா, கொஞ்சம் மிளகு காரத்தோட இருக்கும். ஜூனிபர் நெடி புடிக்காதவங்களுக்கு இதுதான் செட் ஆகும், ஆனா டானிக்க (ஜின்னோட கலக்குற கசப்பு சோடா, மருந்து இல்ல) தாராளமா ஊத்துனீங்கன்னா ஜின்ன தேடணும்.

ஹெண்ட்ரிக்ஸ் ரெண்டுலயும் கால் வெக்குது. ஸ்காட்லாந்துல கர்வன்ல ஒரு வாலையில ஊற வெச்சு வடிக்கிறாங்க, இன்னொண்ணுல ஆவியில ஏத்துறாங்க, அப்புறம் ரெண்டையும் கலந்து கடைசியா வெள்ளரிக்கா, ரோஜா சாறு சேர்க்கறாங்க. அந்த "கடைசியா"தான் மேட்டர். வடிச்சதுக்கப்புறம் வாசனை சேர்த்தா பாட்டில்ல லண்டன் டிரைன்னு (ஜின்ல ஒரு வகைக்கான பேர்) போட முடியாது, அந்தப் பேருக்கு எல்லா வாசனையும் வாலைக்குள்ளயே ஏறியிருக்கணும், வெளிய வந்தப்புறம் தண்ணி, ஸ்பிரிட், லிட்டருக்கு 0.1 கிராம் சக்கரை, இதத் தாண்டி எதுவும் கூடாது. ஊர் பேருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, கோவாவுல பண்ற "கிரேட்டர் தேன்" (Greater Than) ஜின் பாட்டில்லயும் லண்டன் டிரைன்னுதான் இருக்கும்.

அதுக்காக ஹெண்ட்ரிக்ஸ் மட்டம்னு அர்த்தமில்ல. வெயில் காலத்துல டானிக்கும் ஒரு துண்டு வெள்ளரிக்காவும் போட்டா அத அடிச்சுக்க ஆளில்ல. ஆனா வீட்டுல ஒரு பாட்டில்தான் வெக்க முடியும்னா நான் ஊறப்போட்ட பீஃபீட்டர் பக்கம்தான், நெக்ரோனி காக்டெயில் மாதிரி, கம்பாரிங்கற கசப்பு மதுவோட மோதற டிரிங்க்ல ஆவி ஜின் தோத்துப் போயிடுது.

வாலையே வேணாம்னு இன்னொரு வழியும் இருக்கு, காம்பவுண்ட் ஜின். வோட்காவுல ஜூனிபரும் மல்லியும் போட்டு ஒரு நாள் வெச்சு வடிகட்டுனா முடிஞ்சுது. ஐரோப்பாவுல வெறும் "ஜின்"னு மட்டும் எழுதியிருக்கற பாட்டிலுக்கு திரும்ப வடிக்கணும்னு கட்டாயமே இல்ல, எசன்ஸ் கலந்தாலும் போதும், ஆல்கஹால் 37.5 சதவீதத்துக்கு கீழ போகக்கூடாது அவ்ளோதான். இப்படி ஊறவெச்சு மட்டும் எடுக்கறது லேசா மஞ்சளா இருக்கும், கண்ணாடி மாதிரி வராது, ஏன்னா காயோட கலரும் சேர்ந்து எறங்கிடுது.