நினைவுப் பதிப்பு போவி கத்திகள்: ஷெஃபீல்டா, தொழிற்சாலைக் கத்தியா, மின்ட் பெட்டியா?

போவி கத்திக்குப் பெயர் தந்தவர் ஜிம் போவி, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க எல்லைப்புறச் சண்டைக்காரர். அவருடைய கத்தி எப்படி இருந்தது என்று அவருடைய அண்ணன் ரெசின் போவியே 1838-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அலகு ஒன்பதேகால் அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலம், ஒரு பக்கம்தான் கூர், வளைவு கிடையாது. அதாவது, கறிக்கடைக் கத்திக்கு ஒன்றுவிட்ட தம்பி. 1827 செப்டம்பர் 19 அன்று நாச்செஸ் நகருக்கு அருகே மிசிசிப்பி ஆற்று மணல்திட்டில் நடந்த சண்டையில் ஜிம் கையில் இருந்தது அதுதான் என்கிறார்.

இன்று கண்ணாடிப் பெட்டியில் வருகிற நினைவுப் பதிப்பு எதை எடுத்தாலும் நுனியில் குழிவாக வெட்டிய வளைவு இருக்கும், கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே விரலைக் காக்கும் ‘எஸ்’ வடிவப் பித்தளைக் காப்பு இருக்கும், சிலவற்றில் முதுகில் பித்தளைப் பட்டையும் இருக்கும். எல்லாம் பின்னால் வந்து சேர்ந்த அலங்காரம். ஆகவே “அசலின் அச்சு அசல் நகல்” என்று விளம்பரம் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் போகலாம். (டெக்சாஸ்காரர்கள் இந்தப் பெயரை ‘பூயி’ என்று சொல்வார்கள். ‘போவி’ என்று கேட்டாலும் கத்தியை எடுத்துக் காட்டத்தான் செய்வார்கள்.)

சேகரிக்க நினைப்பவர் முன்னால் மூன்று வகை இருக்கின்றன. மூன்றிலும் நான் பணம் போட்டிருக்கிறேன். ஒன்றில் ஏமாந்திருக்கிறேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் வகை, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1830-களிலிருந்து அமெரிக்கச் சந்தைக்கென்றே செய்யப்பட்ட பழங்கத்திகள். ‘நினைவுப் பதிப்பு’ என்று அப்போது யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனால் அலகில் அமிலத்தால் அரித்து எழுதிய வாசகங்களைப் பார்த்தால் அந்தந்தக் காலத்து அமெரிக்க அரசியல் அப்படியே தெரியும். ‘அமெரிக்கர்கள் ஒருபோதும் சரணடைவதில்லை’ என்று ஒன்று. ‘துரோகிகளுக்குச் சாவு’ என்று இன்னொன்று. மெக்சிகோ போரின்போது தளபதி சக்கரி டெய்லரின் பட்டப்பெயரான ‘ரஃப் அண்ட் ரெடி’. ‘அடிமை ஒழிப்புக்குச் சாவு’ என்றுகூட உண்டு; தென் மாநிலத்துக்காரன் காசு கொடுத்தால் ஷெஃபீல்டு பட்டறை எதையும் எழுதும். கைப்பிடி முனையில் பாதி குதிரை, பாதி முதலை உருவம் வைத்த கத்திகளும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவைதான்.

அழகில் மற்ற இரண்டு வகையும் இதற்குப் பக்கத்தில் வர முடியாது. போலியிலும் அப்படித்தான். நான் ஒரு கண்காட்சி மேசையில் “1850-களின் சரக்கு” என்று சொல்லப்பட்ட ஒன்றை வாங்கினேன். விற்றவர் பொய் சொன்னாரா, அவரையே யாராவது ஏமாற்றியிருந்தார்களா, தெரியாது. வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தபோது ஊர்ப் பெயருக்குக் கீழே ‘இங்கிலாந்து’ என்று தெளிவாக இருந்தது. அமெரிக்காவில் 1890-இல் வந்த மெக்கின்லி சுங்கச் சட்டம்தான் இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயரைப் போட வைத்தது. 1850-இல் செய்த கத்திக்கு அந்தச் சொல் தேவையே இல்லை. மேசையருகே நின்றபோதே பார்த்திருக்க வேண்டியது. குதிரை-முதலையைப் பார்த்த கண் வேறெதையும் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் நான் பார்க்கும் வரிசை இது. அலகின் முத்திரையில் கிரீடத்துக்கு இருபுறமும் ‘வி ஆர்’ இருந்தால் விக்டோரியா காலம், 1837 முதல் 1901 வரை. ‘டபிள்யூ ஆர்’ என்றால் நான்காம் வில்லியம், 1830 முதல் 1837 வரை. ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற சொல் கண்ணில் பட்டால் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதையை அங்கேயே நிறுத்திவிடலாம். அந்த எஃகு ஷெஃபீல்டிலேயே 1913-இல்தான் வந்தது. அடுத்து துருக்குழிகள். முத்திரை எழுத்தின் ஓரத்தைத் துரு தின்றிருந்தால் முத்திரை துருவுக்கு முந்தியது. குழிக்கு மேலேயே எழுத்து கூர்மையாக இறங்கியிருந்தால், பழைய அலகில் யாரோ புதிதாக முத்திரை அடித்திருக்கிறார்கள். இது ஒன்றைப் பழகிக்கொண்டாலே கெட்ட சரக்கில் நிறைய கழிந்துவிடும்.

இரண்டாவது வகைக்கு வருவோம்: வழக்கமாகக் கத்தியோ துப்பாக்கியோ செய்கிற தொழிற்சாலைகள் ஏதோ ஒரு ஆண்டு நிறைவுக்காக வெளியிட்டவை. இவற்றில் பேர்பெற்றது துப்பாக்கி நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1973-இல் கொண்டுவந்த டெக்சாஸ் ரேஞ்சர் கத்தி. ரேஞ்சர்கள் டெக்சாஸின் காவல் படை; அதற்கு டெக்சாஸ் குடியேற்றத் தலைவர் ஸ்டீபன் ஆஸ்டின் 1823-இல் ஆள் திரட்டியதிலிருந்து 150 ஆண்டு என்ற கணக்கு. பிளாக்கி காலின்ஸ் வடிவமைத்தது. மாடல் 19 ரிவால்வரோடு ஒரே மரப்பெட்டியில் வைத்து விற்றார்கள். துப்பாக்கிக்கு வேறு சட்டம், வேறு கிராக்கி என்பதால் பல பெட்டிகள் பிரிந்துவிட்டன. கத்தி மட்டும் தனியாகச் சுற்றுகிறது. ‘டி ஆர்’ என்று தொடங்கும் வரிசை எண்ணைப் பாருங்கள். ஜோடி என்று சொல்லி விற்றால் இரண்டின் எண்ணையும் ஒப்பிடாமல் பணம் எடுக்காதீர்கள். பெயரை மட்டும் நம்பி வாங்குவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1970-களில் அந்த நிறுவனமே செய்த கத்திகள் வேறு. பிற்காலத்தில் உரிமம் வாங்கி சீனாவில் செய்து அதே சின்னத்தோடு வந்தவை வேறு. செய்த நாடு எது என்று தேடிப் பாருங்கள், அலகின் அடிப்பகுதியில் சின்னதாக இருக்கும்.

கா-பார் கத்தியின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க மரைன் படை இடுப்பில் கட்டிய 7 அங்குலக் கத்தி அது; நுனி வெட்டைப் பார்த்தால் போவி வம்சம் என்று தெரிந்துவிடும். போருக்குப் பிறகு அந்த நிறுவனம் அதைச் செய்வதை விட்டுவிட்டது. மரைன் படையின் 200-வது ஆண்டை ஒட்டி, 1970-களின் நடுவில், நினைவுப் பதிப்பாக மறுபடி செய்தார்கள். அதற்கு வந்த வரவேற்பைப் பார்த்துத்தான் சாதாரண உற்பத்தியையே திரும்பத் தொடங்கினார்கள். நினைவுக்காகச் செய்தது தொழிலையே எழுப்பிவிட்ட கதை வேறு கத்திக்கு உண்டா என்று தெரியவில்லை.

கொலராடோவின் வெஸ்டர்ன் நிறுவனத்து டபிள்யூ 49 மலிவாகக் கிடைக்கும் பெரிய போவி. வியட்நாம் போன சிப்பாய்கள் சொந்தக் காசில் வாங்கிப் போனது. இதன் அலகில் ஏதாவது வாசகம் பொறித்து நினைவுக் கத்தி என்று விற்பதைப் பார்க்கலாம். 1977 முதல் மாடல் எண்ணோடு ஆண்டுக்கு ஓர் எழுத்து வைத்தார்கள்: ‘ஏ’ என்றால் 1977, ‘பி’ 1978, ‘சி’ 1979. அலகில் ‘1776–1976’ என்று பொறித்து, அடியில் ‘சி’ இருந்தால் என்ன அர்த்தம்? அமெரிக்க விடுதலையின் இரு நூற்றாண்டு விழா முடிந்து மூன்று வருஷம் கழித்து வந்த கத்தி. பொறித்தவர் யார் என்று விற்பவரைக் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது வகை மின்ட் பெட்டிகள். ஃபிராங்க்ளின் மின்ட் போன்ற, சேகரிப்புப் பொருள் விற்கும் தனியார் நிறுவனங்கள் பத்திரிகை விளம்பரம் போட்டு, தவணையில் தபாலில் அனுப்பியவை. டெக்சாஸ் விடுதலையின் 150-வது ஆண்டான 1986-ஐ ஒட்டி, ஜிம் போவி உயிர்விட்ட அலமோ கோட்டையின் பெயரில் கத்திகள் ஏராளமாக வந்தன. தங்க முலாம், வெல்வெட், கையொப்பமிட்ட சான்றிதழ் எல்லாம் உண்டு. பார்வைக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாங்கிய அத்தனை பேரும் பெட்டியோடு, சான்றிதழோடு, தொடாமல் பத்திரப்படுத்தினார்கள். எல்லார் வீட்டிலும் புதிதாகவே இருக்கிற பொருளுக்கு எங்கிருந்து அருமை வரும்? ‘வரையறுத்த பதிப்பு’ என்பதையும் படித்துப் பார்க்க வேண்டும்; சில விளம்பரங்களில் வரம்பு எண்ணிக்கைக்கு இல்லை, ஆர்டர் கொடுக்கும் கடைசி தேதிக்கு. வாங்கினால் முழுப் பெட்டியாக, வாரிசுகள் விற்கும்போது மலிவாக வாங்குங்கள். நாளைக்கு விலை ஏறும் என்று வாங்காதீர்கள்.

என்னிடம் கேட்டால் முதல் கத்தி கா-பார் அல்லது டெக்சாஸ் ரேஞ்சர். கையில் எடுத்தால் இரண்டுமே கத்தி மாதிரி இருக்கும், போலியும் குறைவு. ஷெஃபீல்டுக்குப் போவதற்கு முன் குறைந்தது ஐம்பது உண்மையான அலகுகளை லென்ஸில் பார்த்திருக்க வேண்டும். என் கணக்கில் அது இரண்டு வருஷ வேலை.

வாங்கிய பிறகு சாணை பிடிக்கவே கூடாது. பாலிஷும் போடக்கூடாது, பொறித்த எழுத்து முதலில் அதில்தான் போகும். தோல் உறைக்குள் வைத்து மூடினால் பித்தளைக் காப்பில் பச்சைக் களிம்பு பிடிக்கும், அலகில் புள்ளி விழும். உறை தனியாக, கத்தி தனியாக, மேலே மெல்லிய மெழுகுப் பூச்சு.

கைப்பிடியில் கொம்பு இருந்தால் நமக்கு ஒரு விஷயம். பழைய அமெரிக்க, ஜெர்மன் கத்திகளில் போட்ட நல்ல கொம்பு பெரும்பாலும் இந்தியக் கடமான் கொம்பு. 1990-களின் இறுதியில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியதும் அந்தக் கைப்பிடிகளுக்குத் தனி மவுசு வந்தது. அதே கொம்பை இந்தியாவுக்குள் கொண்டுவரப் போனால் வனவிலங்குச் சட்டம் குறுக்கே நிற்கும். நீளத்துக்கும் வரம்பு இருக்கிறது: வீட்டு வேலைக்கோ, விவசாயத்துக்கோ, அறிவியலுக்கோ, தொழிலுக்கோ அல்லாத கத்தியின் அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் ஆயுத விதிகளின் பட்டியலுக்குள் வந்துவிடும். டபிள்யூ 49 தாண்டுகிறது. கா-பார் தாண்டவில்லை.